பதினெட்டாவது கோரிக்கை

வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் வேலை என்பது, நாற்பது கடைக்காரர் நாற்பது விதமாகச் சொல்லும் குறைகளைக் கோரிக்கைகளாக எழுதி, அதை வாசிக்க நேரமில்லாத ஒருவருடைய மேசையில் கொண்டுபோய் வைக்கும் வேலை. சம்பளம் கிடையாது. நன்றியும் கிடையாது. கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவைக்கும் உரிமை மட்டும் உண்டு. நீங்களும் ஒரு பழைய மாணவர் சங்கத்திலோ, கோயில் சபையிலோ, தொடர்மாடிக் கமிட்டியிலோ செயலாளராக இருந்து நொந்தவர் என்றால் நாம் உறவுக்காரர்கள். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் எழுதப்போகும் சம்பவங்களில் பெரும்பாலானவற்றில் எனக்கு ஒரு மனிதர்மேல் பொறாமை. சும்மா சின்னப் பொறாமை இல்லை. இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட விடாத பொறாமை. அதை மறைத்து எழுதிப் பார்த்தேன், சம்பவமே இல்லாமல் போய்விட்டது.

எல்லாம் இருக்கட்டும்

வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் எனக்குத் தையல் சாமான் கடை. பொத்தான், லேஸ், ஊசி நூல், சட்டைக்குள் வைக்கும் லைனிங் துணி. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் வருவதற்கு முன்னால் எங்கள் சங்கம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு முன்னுரிமைக் கோரிக்கைகள் என்று ஒரு பட்டியல் கொடுக்கும். அதை எழுதுவது நான். தலைவருடைய நகைக்கடை மாடியில் கமிட்டி கூடும். ஆளுக்கொரு ரோல்ஸும் தேநீரும் வரும். அதன்பிறகு ஆளுக்கொரு கோரிக்கையும் வரும்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தக் கோரிக்கை முக்கியம் என்று யாரும் பார்ப்பதில்லை, யார் முதலில் சங்கத்தில் சேர்ந்தார் என்றுதான் பார்ப்பார்கள். மூத்த உறுப்பினரின் கோரிக்கை முதலாவது, அடுத்தவருடையது இரண்டாவது, கலியாணக் கார்டில் பெயர் போடுவதுபோலத்தான். செயலாளருடைய கோரிக்கை எதுவாக இருந்தாலும் கடைசி. பேனையைக் கையில் வைத்திருப்பவன் தனக்கே முதலில் எழுதிக்கொண்டான் என்று பேச்சு வரக்கூடாது அல்லவா. அந்த வருடம் பதினேழு கோரிக்கைகள். முதலாவது, தலைவருடையது, தங்கத்துக்கு வரி குறைக்கவேண்டும். மூன்றாவது, நடைபாதை வியாபாரிகளை அகற்றவேண்டும். ஒன்பதாவது, நடைபாதை வியாபாரிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கவேண்டும். பதினேழாவது என்னுடையது. பெண்கள் வேலை செய்கிற கடைத்தொகுதி எதுவானாலும் அவர்களுக்குக் கழிப்பறை கட்டாயம் என்று சட்டம் வரவேண்டும், அதுவரை சந்தைத் தெருக்களில் பொதுவாக ஒன்றாவது கட்டித் தரவேண்டும்.

ஏன் அதைக் கேட்டேன் என்றால், எங்கள் ஒழுங்கையில் ஒரே கட்டிடத்தில் பதினொரு கடை. அத்தனையிலும் விற்பனைக்கு நிற்பது பெண்கள். ஒரு கழிப்பறை கிடையாது. கட்டிடச் சொந்தக்காரர் கனடாவில். தகவல் அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வரும். பெண்கள் காலி வீதியிலுள்ள சாப்பாட்டுக் கடைக்குப் போகவேண்டும். அங்கே கழிப்பறைப் பூட்டின் திறப்பு காசாளரின் மேசையில், ஒரு பெரிய மரக்கட்டையில் கட்டித் தொங்கும். பத்து ஆம்பிளைகள் பில் கட்ட நிற்கும்போது அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். என் கடையில் நிற்கும் குமாரி அதைக் கேட்கக் கூச்சப்பட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்ததை நான் கண்டேன். அதனால், மூன்றாவதும் ஒன்பதாவதும் ஒன்றையொன்று அடிக்கின்றன, இரண்டையும் வெட்டிவிட்டு என்னுடையதை மேலே கொண்டுவரலாமா என்று தலைவரிடம் பணிவாகக் கேட்டேன். ஐம்பது தாண்டிய என்னை அவர் இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"எல்லாம் இருக்கட்டும் தம்பி. ஒண்டை வெட்டினா அந்த ஆள் அடுத்த கூட்டத்துக்கு வராது."

ஒரு தாள்காரர்

பட்டியலை நான் சும்மா கொடுப்பதில்லை. மூன்று மொழியில், சுருள் கம்பி போட்டுக் கட்டி, மேலே கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் அட்டை, உள்ளே பொருளடக்கம். அதைத் தூக்கிக்கொண்டு எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் ஒருவர். சேர்ட்டில் பச்சைப் பெயின்ட் தெறித்திருந்தது. கையில் ஒரே ஒரு தாள், அதுவும் நாலாக மடித்தது. கொட்டாஞ்சேனை வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர், பெயர் மரியதாஸ், பெயின்டும் கயிறும் ஆணியும் விற்பவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். எத்தனை கோரிக்கை என்று கேட்டேன். ஒன்று என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு சங்கம் எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று என் புத்தகத்தில் ஒரு பிரதியை அவருக்கும் கொடுத்தேன். உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு நான் இலவசமாகக் கொடுத்த முதல் பிரதி அது.

அவரை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் இருக்காது. எம்.பி.யே எழுந்து, பெயின்ட் பட்ட அந்தத் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் சலவைசெய்து மடிப்புக் கலையாத சேர்ட்டோடு இருந்தேன், என் தோளில் ஒருவரும் கைபோடவில்லை. என் நேரம் வந்தபோது எம்.பி. வேறு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அவருடைய செயலாளர், தமிழ் நன்றாகவே கதைக்கும் ஒரு சிங்களப் பெண்மணி, புத்தகத்தை வாங்கினார். இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். பொருளடக்கத்தை விரலால் தடவினார். இரண்டு வாரத்தில் கொட்டாஞ்சேனையில் மரியதாஸ் கேட்ட, ஆட்கள் வீதியைக் கடக்கும் மஞ்சள் கடவைக் கோடு போட்டாயிற்று என்று கேள்விப்பட்டேன். அந்தக் கோட்டைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றே ஒருநாள் பஸ் ஏறிப் போனேன். நேராகத்தான் போட்டிருந்தார்கள், அதுவே எரிச்சலாக இருந்தது. என் புத்தகத்துக்கு அன்று கிடைத்தது அந்தப் பெண்மணியின் வார்த்தை மட்டும்தான்:

"மிச்சம் வடிவா செஞ்சிருக்கீங்க மாத்தயா. சேர் வெளிநாடு போகக்குள்ள பிளேன்ல வாசிக்கக் குடுக்கிறேன்."

வெள்ளவத்தைத் துறைமுகம்

அடுத்து நான் செய்ததை என் மனைவிக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரனின் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தவர்கள்தான்.

மரியதாஸ் தன் கடிதங்களைக் கொட்டாஞ்சேனையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொடுத்துத்தான் டைப் செய்விப்பார். அந்தக் கடை என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியுடையது. அவனிடம் நைசாகக் கதைத்து, மரியதாஸ் கொடுக்கப்போகும் அடுத்த கடிதத்தின் பிரதியை வாட்ஸப்பில் எடுத்துவிட்டேன். ஒரே பக்கம். வாசித்தேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. ஒரு இடத்திலும் 'தங்கள் மேலான கவனத்துக்கு' இல்லை. நேராக விஷயம். என் பொருளடக்கத்தையும் பதினேழையும் ஒருநாள் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தக் கடிதத்தை அவருக்கு முன்னால் நான் கொடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கம்பியூட்டரில் 'கொட்டாஞ்சேனை' என்று வரும் இடமெல்லாம் 'வெள்ளவத்தை' என்று ஒரே அழுத்தில் மாற்றினேன். அவசரத்தில் திரும்ப வாசிக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

கடிதம் என்னவென்றால், கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலுள்ள துறைமுகத்தின் வாசலில் கன்டெய்னர் லொறிகள் காத்து நிற்பதால் கடைகளுக்கு வழி அடைபடுகிறது, லொறிகளுக்கு வேறு நேரம் ஒதுக்கவேண்டும் என்பது. மறுநாள் எம்.பி.யின் அலுவலகத்திலிருந்து அந்தப் பெண்மணி போன் எடுத்தார். சேர், அதாவது எம்.பி., மரியாதையாகக் கேட்கச் சொன்னார், வெள்ளவத்தையில் துறைமுகம் எந்தப் பக்கம் என்று. பிரதி தலைவருக்கும் போயிருந்தது. பதவியை விட்டு விலகுகிறேன் என்று சொல்லும் நோக்கத்தோடு அவரிடம் போனேன். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"துறைமுகம் வந்தா எங்களுக்கும் நல்லம்தானே தம்பி. அதுவும் இருக்கட்டும், பட்டியல்ல போடுங்கோ."

ஐந்து நிமிடம்

துறைமுகம் பட்டியலில் ஏறியது. செயலாளருடையது கடைசி என்ற வழக்கம் அப்படியே இருந்தது. ஆகவே என் கழிப்பறை பதினேழிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது.

அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் எம்.பி.க்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து சங்கங்களைக் கேட்டார்கள். சங்கத்துக்கு ஐந்து நிமிடம். மணி அடித்தால் இறங்கவேண்டும். நான் மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தேன். குமாரியிடம் நேரம் பார்க்கச் சொல்லிக் கடையில் நின்றும் ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டினேன். ஒரு வாடிக்கையாளர் ஹூக் வாங்க வந்து பாதியில் போய்விட்டார். வேகமாக வாசித்தால் பதினெட்டும் வந்துவிடும். மேடையில் தலைவருடைய தங்கத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கவேண்டியிருந்தது, அவர் முன்வரிசையில் இருந்தார். ஏழாவதில் மணி அடித்துவிட்டார்கள்.

எனக்குப் பிறகு மரியதாஸ். கையில் தாள்கூட இல்லை. சந்தைத் தெருவில் ஒரு கடையில் நிற்கும் பெண்பிள்ளை காலை எட்டரைக்கு வந்தால் இரவு ஏழரைக்குத்தான் வீட்டுக்குப் போகிறாள், அதற்கிடையில் அவள் எங்கே போவாள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். சட்டம் வரவேண்டும், அதுவரை எங்கள் சந்தைக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் துண்டு நிலத்தில் ஒன்று கட்டித் தாருங்கள் என்றார். ஒன்றரை நிமிடம்தான். மணி அடிக்கவேண்டிய ஆளே கைதட்டினார். என்னுடைய கோரிக்கை. சொல்லுக்குச் சொல் என்னுடையது. தேநீர் இடைவேளையில் அவரைப் பிடித்தேன். அண்ணை, அது எங்கட பட்டியலில் இருந்தது என்றேன். கொட்டாஞ்சேனைக் கடிதத்தில் நான் கைவைத்தது அந்த நேரம் நினைவில் வரவில்லை, பொறாமைக்கு ஞாபகசக்தி குறைவு. அவர் கோபிக்கவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, என் புத்தகத்தைப் பாராட்டும் பாணியிலேயே சொன்னார்:

"ஓம் தம்பி, நீங்க தந்த புத்தகத்துல தான் எடுத்தேன். நான் எப்பயும் கடைசிப் பக்கத்துல இருந்துதான் வாசிக்கிறது. சங்கத்து ஆக்கள் மெய்யா தேவையானத அங்கதானே எழுதுவாங்க."

நாடா வெட்டு

கொட்டாஞ்சேனையில் கழிப்பறையைக் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு எங்கள் சங்கத்தையும் அழைத்திருந்தார்கள், அழைப்பிதழில் என் பெயரை மரியதாஸ் தன் கையாலேயே எழுதியிருந்தார். போகாமல் விட்டால் பொறாமை என்று தெரிந்துவிடும் என்பதால் போனேன். நாலு அறை, வெளியே கைகழுவத் தொட்டி, ஒரு நீளமான கண்ணாடி, வெள்ளை டைல்ஸ். ஆம்பிளைகள் உள்ளே போக வழியில்லாததால் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். கடைப்பெண்கள் உள்ளே போய், குழாயைத் திறந்து மூடி, ஒவ்வொரு கதவையும் தாழ்போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவினாள். தாழ்ப்பாளைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படலாம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

எம்.பி.யிடம் போய், சேர் எங்களுக்கு எப்போது என்று கேட்டேன். மிகவும் அன்பாக, ஒரு கடிதம் கொடுங்கள் என்றார். மரியதாஸ் மாலையோடு வந்து என் கையைப் பிடித்து, வெள்ளவத்தைக்கும் வரும், நான் கூடவே வந்து கேட்கிறேன் என்றார். வேண்டாம் அண்ணை, எங்கட சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் என்னுடையதுதான். அவர் வந்து கேட்டுக் கிடைத்தால் அதுவும் அவர் கணக்கில் போய்விடுமே என்று பயம். திரும்பி வரும் வேனில், என்னுடையதை இந்த முறையாவது முதலாவதாகப் போடுவோம் என்று தலைவரைக் கெஞ்சினேன். வழக்கத்தை மாற்றினால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றார். அவரிடம் கட்டிடம் எப்படி என்று கேட்டேன். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை யோசித்தார்.

"கட்டினது பிழையில்லை. ஆனா வாசல் கிழக்கைப் பாக்கேல்லை தம்பி."

குமாரி

குமாரி ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவள். தெஹிவளையில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்து, ஆறு வருடமாக என் கடையில் நின்றாள். லேஸைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தே எந்தக் கட்டு என்று சொல்வாள். வாடிக்கையாளர்கள் என்னைத் தாண்டி அவளைத்தான் கேட்பார்கள். அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது, அது நல்ல பொறாமை. அந்த வருடம் அவள் மூன்று தரம் காய்ச்சலில் விழுந்தாள். சிறுநீரில் கிருமி என்று டாக்டர் சொன்னதாகக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் உடனே லீவு கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பதினெட்டாவது கோரிக்கைக்கு இது நல்ல உதாரணமாக இருக்கும் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்தும் வைத்தேன். என் புத்தி அப்படி.

திறப்பு விழா முடிந்து ஒரு மாதம் இருக்கும். கடை பூட்டுவதற்கு முன்னால் வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். அடுத்த மாதம் வேலையை விட்டுப் போகிறாள். எங்கே என்று கேட்டேன். கொட்டாஞ்சேனை. யாருடைய கடை என்றேன். பெயின்ட் கடைங்க, மரியதாஸ் ஐயா கடை என்றாள். கோடு போனது, கைதட்டல் போனது, கட்டிடம் போனது, இப்போது குமாரியும். லேஸைத் தடவி அறிகிற கை இனி ஆணியை எண்ணப்போகிறது. அந்த மனிதர் என் கடைசிப் பக்கத்தைக் களவெடுத்தது போதாமல் ஆளையும் பிடித்துவிட்டார் என்று என்னவெல்லாமோ பேசினேன். அவர் கூப்பிடவில்லை, தானேதான் போய்க் கேட்டதாகச் சொன்னாள். அதுதான் இன்னும் சுட்டது. எவ்வளவு கூடத் தருகிறார் சொல், அதைவிட நான் தருகிறேன், இந்த மாதத்திலிருந்தே தருகிறேன் என்றேன். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், யோசித்துப் பார் என்றேன். அடுத்த பட்ஜெட்டில் எப்படியும் நம்முடையதும் வந்துவிடும் என்றுகூடச் சொன்னேன். அவள் நான் முடிக்கும்வரை நின்றாள். குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள்:

"சம்பளம் இதேதாங்க மொதலாளி. அங்கன்னா பகல்ல தண்ணி குடிக்கலாம்."

இத்தனை வருடமாகச் சட்டம் செய்பவர்களுக்கு நான் எழுதியவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், கொடுத்த மறுநாளே பலன் கிடைத்தது, குமாரியைப் பற்றி மரியதாசுக்கு எழுதிக்கொடுத்த நற்சான்றுக் கடிதம் ஒன்றுக்கு மட்டும்தான்.